200எஸ்எக்ஸில் ஸ்கைலைன் இன்ஜின் போடலாமா?

தம்பி கேட்டிருப்பது இது. மெல்போர்னில் இருக்கிறார், பி பிளேட் (புது ஓட்டுநர் அட்டை) கழற்றி நான்கு மாதம் ஆகிறது, கையில் 1996 மாடல் நிஸான் 200எஸ்எக்ஸ், அதாவது எஸ்14. அதிலிருக்கும் 2 லிட்டர் எஸ்ஆர்20 டர்போ இன்ஜின் 2,30,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, காலையில் ஸ்டார்ட் செய்தால் முன்பக்கம் கடகடவென்று சத்தம், மூன்றாவது சிலிண்டரில் கம்ப்ரஷன் (உள்ளே உருவாகும் அழுத்தம்) குறைவு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைத் தூக்கிவிட்டு ஆர்33 ஸ்கைலைனின் 2.5 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போவை, ஆர்பி25-ஐ, வைத்தால் என்ன, மாட்டுமா, எவ்வளவு ஆகும் என்கிறார். மாட்டுமா என்றால் மாட்டும், ஜப்பானிலும் இங்கேயும் நியூசிலாந்திலும் எத்தனையோ பேர் மாட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் கேள்வியை இரண்டாம் தடவை படித்தபோது எனக்கு வேறொன்று தெரிந்தது. இருக்கிற இன்ஜின் படுத்துவிடப் போகிறது, எப்படியும் பணம் போகத்தான் போகிறது, அதைப் பழைய இன்ஜினில் கொட்டுவதா பெரிய இன்ஜினில் கொட்டுவதா என்று தம்பி தவிக்கிறார். நான் பதில் எழுதுவது அதற்குத்தான்.

நான் மெல்போர்னின் டான்டினாங் பக்கம் ஒரு பட்டறையில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். சில்வியா (ஜப்பானில் உங்கள் வண்டியின் பெயர்), 180எஸ்எக்ஸ், 200எஸ்எக்ஸ் வகை வண்டிகளில் நானே கையால் ஆர்பி மாற்றியது ஏழெட்டு இருக்கும், வேறெங்கோ மாற்றிப் பாதியில் நின்று என்னிடம் வந்தவை அதைவிடக் கூடுதல். டைனோவில் (பவர் அளக்கும் கருவியில்) ஏற்றி டியூன் செய்வது என் வேலை இல்லை, அதற்கு வண்டியை இன்னொருவரிடம் அனுப்புவேன், அதனால் குதிரைத்திறன் பற்றி நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியை நான் பார்த்ததும் இல்லை.

முதலில் கம்பெனி கொடுத்த எண்களைப் பார்ப்போம், இதை யாரும் பார்ப்பதே இல்லை. ஜப்பானில் விற்ற எஸ்14 சில்வியாவின் டர்போ எஸ்ஆர்20 1998 சிசி, 220 குதிரைத்திறன், 275 நியூட்டன் மீட்டர் டார்க். ஆர்33 ஸ்கைலைன் ஜிடிஎஸ்-டியின் ஆர்பி25 2498 சிசி, 250 குதிரைத்திறன், 294 நியூட்டன் மீட்டர். வித்தியாசம் 30 குதிரை, 19 நியூட்டன் மீட்டர். ஆஸ்திரேலியாவில் விற்ற உங்கள் வண்டிக்கு 147 கிலோவாட், அதாவது சுமார் 200 குதிரைதான், ஆகவே உங்களுக்கு இடைவெளி இன்னும் கொஞ்சம் பெரிது. இருந்தாலும் யோசித்துப் பாருங்கள், அரை லிட்டரும் இரண்டு சிலிண்டரும் கூட, முன்சக்கரத்தின்மேல் ஐம்பது கிலோவுக்கு மேல் கூடுதல் பாரம், ஆறேழு வாரம் வண்டி இல்லாமல் ரயிலில் போவது, எல்லாம் சேர்த்து அந்த 30, 50 குதிரைக்காக என்றால் யாரும் செய்யமாட்டார்கள். கழற்றிய ஆர்பி25-ஐ அப்படியே வைத்து அப்படியே ஓட்டியவர்கள் முதல் வாரம் சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டு, மூன்றாவது வாரம் "அண்ணா, இது பழைய இன்ஜினைவிட மெதுவா இருக்கிற மாதிரி இருக்கே" என்று போன் செய்திருக்கிறார்கள். மெதுவாக இல்லை. எஸ்ஆர் பூஸ்ட் (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறியதும் முதுகில் ஒரு குத்துக் குத்தும், ஆர்பி குத்தாமல் வழுக்கிக்கொண்டு போகும், உடம்பு அதை வேகம் என்று கணக்கு வைப்பதில்லை.

ஆதாயம் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு இன்ஜினுக்கும் பிஸ்டன் அகலம் ஒன்றேதான், 86 மில்லிமீட்டர். எஸ்ஆரில் பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரமும் 86, ஆர்பி25-இல் 71.7. இரண்டிலும் கம்பெனி போட்ட இன்ஜெக்டர், அதாவது பெட்ரோல் பீய்ச்சும் முனை, நிமிடத்துக்கு 370 சிசி. நான்கு இன்ஜெக்டர் என்றால் 1480, ஆறு என்றால் 2220. அதாவது ஒவ்வொரு சிலிண்டரையும் அதே அளவுக்கு வேலை வாங்கினாலும் ஆறு சிலிண்டரில் ஒன்றரை மடங்கு வருகிறது, அல்லது அதே பவரை ஒவ்வொரு சிலிண்டரும் மூச்சு வாங்காமல் கொடுக்கிறது. நிஸான் அந்த இன்ஜினைச் சுமார் 7 பிஎஸ்ஐ பூஸ்டில் அடக்கித்தான் அனுப்பியது. சக்கரத்தில் அளந்தால் 200 கிலோவாட் போதும் என்றால் நல்ல நிலையில் இருக்கும் எஸ்ஆர்20-இலேயே டர்போ, இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், இசியு (இன்ஜினை இயக்கும் கணினி) மாற்றி, உள்ளே கை வைக்காமல் எடுத்துவிடலாம், அது பலபேர் செய்து பழகிய பாதை. 250-ஐத் தாண்டி, அதுவும் தினமும் ஓட்டும் வண்டியாக வேண்டும் என்றால் அங்கேதான் ஆறு சிலிண்டருக்கு மவுசு. நீங்கள் எவ்வளவு வேண்டும் என்று எழுதவே இல்லை.

ஒரு சின்ன விஷயம், இன்ஜின் மாற்றத்துக்கு நேரடியாகச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்ல ஆசை. ஜப்பானில் 2000 சிசி, 1.7 மீட்டர் அகலம் என்று சின்ன வண்டிக்கு ஒரு கோடு உண்டு, அதைத் தாண்டினால் வேறு வகுப்பு. எஸ்14-ஐ 1730 மில்லிமீட்டர் அகலத்துக்கு வளர்த்து நிஸான் அந்தக் கோட்டைத் தாண்டியது, ஜப்பான்காரர்களுக்குப் பிடிக்கவில்லை, அடுத்து வந்த எஸ்15-ஐ மறுபடி 1695-க்குச் சுருக்கினார்கள். நமக்கு அந்தக் கொழுப்புதான் லாபம், இதற்கு முந்தைய எஸ்13-ஐவிட எஸ்14-இல் இன்ஜின் அறையில் கை நுழைகிறது. ஸ்கைலைனும் சில்வியாவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதால் சஸ்பென்ஷன், கிராஸ்மெம்பர், டிஃபரென்ஷியல் எல்லாம் அண்ணன் தம்பி ஜாடையில் இருக்கும், ஆர்பி இதற்குள் இவ்வளவு எளிதாக உட்காருவதற்குக் காரணம் அதுதான். டொயோட்டாவின் 1ஜேஸட், 2ஜேஸட் போட்டவர்களும் இருக்கிறார்கள், நல்ல இன்ஜின்கள்தான், ஆனால் வெட்டி ஒட்டும் வேலை கூடும்.

சரி, உட்காருவது என்றால் என்ன. ஆர்பிக்கான மவுன்ட்டும் கியர்பாக்ஸ் கிராஸ்மெம்பரும் தயாராகக் கிடைக்கின்றன, அவற்றை வாங்கிவிடுங்கள், வெல்டிங் தெரியும் என்று வீட்டில் இழைக்க வேண்டாம். ஆர்33-இன் ஐந்து கியர் பாக்ஸையும் சேர்த்தே போட வேண்டும். எஸ்ஆரோடு வந்த பாக்ஸ் அந்த டார்க்கைத் தாங்காது என்பது ஒரு பக்கம், ஆர்33 பாக்ஸ் நிஜமாகவே கல் மாதிரி இருக்கும் என்பது இன்னொரு பக்கம். அதன் கிளட்ச் இழுக்கும் வகை, உங்கள் வண்டியில் இப்போது இருப்பது தள்ளும் வகை, கிளட்ச் செட் வாங்கும்போது இதைக் கவனிக்காமல் இரண்டு தடவை பணம் கட்டியவர்களைத் தெரியும். புரொப்பல்லர் ஷாஃப்ட் புதிதாகச் செய்ய வேண்டும், அளவு எடுப்பதற்கு இன்ஜினும் பாக்ஸும் கடைசி இடத்தில் உட்கார்ந்த பிறகு, வண்டி நாலு சக்கரத்தில் நிற்கும்போது எடுங்கள், ஜாக்கியில் தொங்கும்போது எடுத்தால் தப்பாக வரும். ஆறு சிலிண்டர் நீளம் என்பதால் முன்னால் விசிறிக்கு இடம் பற்றாது, அதைக் கழற்றிவிட்டு எலக்ட்ரிக் விசிறி இரண்டு, தடித்த அலுமினிய ரேடியேட்டர். நமது வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் டர்போ ஓட்டுநர் பக்கம் வரும், அதன் கீழே இறங்கும் எக்ஸாஸ்ட் குழாய் ஸ்டியரிங் தண்டுக்கும் கிளட்ச் ஹோஸுக்கும் பக்கத்தில் போகும், அங்கே வெப்பத் தடுப்புப் போடாமல் விட்டால் ஒரு வெயில் நாளில் சிக்னலில் நிற்கும்போது கிளட்ச் பெடல் தரையிலேயே கிடக்கும்.

வேலை எல்லாம் முடிந்து சாவியைத் திருப்பும்போது ஒரு வேடிக்கை நடக்கும். உங்கள் டாக்கோமீட்டர் நான்கு சிலிண்டருக்கானது, ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு எதிர்பார்க்கும். ஆறு சிலிண்டர் இன்ஜினின் இசியு மூன்று அனுப்பும். 800-இல் சும்மா நிற்கும் இன்ஜினை முள் 1200 என்று காட்டும், 4000-இல் போகும்போது 6000 என்று காட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பன் பயந்துவிடுவான். மீட்டருக்குள் சரிசெய்யலாம், அல்லது வெளிக் கம்பெனி இசியு போட்டால் அதிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

வயரிங்தான் இந்த வேலையில் பாதி. சிறிது காலத்துக்கு முன் ஒரு பையன் வண்டியை இழுத்துக்கொண்டு வந்தான், வேறொரு இடத்தில் இன்ஜின் மாற்றி மூன்று மாதம். ஸ்டார்ட் ஆகும், பத்து நிமிடத்தில் அணையும், ஆறினால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டால் கறுப்பு டேப் ஒரு தேங்காய் அளவுக்கு உருட்டி வைத்திருந்தது. பிரித்தேன். இருபதுக்கு மேல் வயர்கள், ஒன்றும் கிரிம்ப் இல்லை, சால்டர் இல்லை, இரண்டு முனையைச் சேர்த்து முறுக்கி டேப் சுற்றியதுதான், நடுவில் ஒரு எர்த் வயர் பச்சை பிடித்து நூல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. வெப்பம் ஏறினால் அது விட்டுவிடும், இன்ஜின் அணையும். இன்ஜினில் ஒரு பிழையும் இல்லை. அதனால் நான் எப்போதும் சொல்வது, இன்ஜினைத் தனியாக வாங்காதீர்கள், ஹாஃப்கட்டாக வாங்குங்கள், அதாவது வண்டியின் முன்பாதியை அப்படியே வெட்டி எடுத்தது. வயரிங், இசியு, ஏர் ஃப்ளோ மீட்டர், இக்னைட்டர் (ஸ்பார்க் காயில்களை இயக்கும் மின்பகுதி), கிளட்ச் சிலிண்டர், கூலன்ட் குழாய், அந்த ஊர்பேர் தெரியாத சின்னச் சின்ன பிராக்கெட்டுகள் எல்லாம் அதில் இருக்கும். ஆர்33-இலேயே முதல் தொகுதி வண்டிகளில் இக்னைட்டர் தனிப்பெட்டியாக இன்ஜின்மேல் இருக்கும், இரண்டாம் தொகுதியில் காயிலுக்குள்ளேயே போய்விட்டது. ஒன்றின் இன்ஜினும் மற்றதன் வயரிங்கும் வாங்கிவிட்டு ஸ்பார்க் வரவில்லை என்று உட்காருவது வழக்கமான கதை.

இனி ஆர்பி25-இன் சொந்த வியாதிகள். இங்கே நான் சொல்வதில் சந்தேகம் இல்லை, கண்ணால் பார்த்தவை. காயில்கள் விரிசல் விடும், பூஸ்டில் இன்ஜின் திக்கும், புதிதாக ஆறும் வாங்கிவிடுவது நல்லது. ஆர்33-இன் டர்போவில் எக்ஸாஸ்ட் பக்கச் சக்கரம் செராமிக், எடை குறைவு என்பதால் சீக்கிரம் சுழலும், அதற்காகத்தான் போட்டார்கள், ஆனால் பூஸ்டை 12, 14 பிஎஸ்ஐக்கு ஏற்றிப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டால் ஒரு நாள் அந்தச் சக்கரம் தண்டைவிட்டுக் கழன்று எக்ஸாஸ்ட் வழியே போய்விடும். பெரிய சத்தம்கூட வராது. விசில் நின்றுவிடும், பூஸ்ட் முள் எழாது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றித் தட்டினால் சாம்பல் நிறச் சில்லுகள் கொட்டும். உங்கள் எஸ்ஆரின் டர்போவில் இருப்பது உலோகச் சக்கரம், அந்தப் பயம் இல்லை. ஆர்பியில் டைமிங் செயின் கிடையாது, பெல்ட், 1,00,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது, ஹாஃப்கட்டில் எவ்வளவு ஓடியது என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் நம்பாமல் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் இன்ஜின் வெளியே இருக்கும்போதே மாற்றுங்கள், உள்ளே போன பிறகு அதே வேலைக்கு விரல் தோல் உரியும். கடைசியாக ஆயில். உயர் சுற்றில் நீண்டநேரம் ஓட்டினால் ஆர்பி ஆயிலை மேலே ஹெட்டுக்கு அள்ளி அனுப்பிவிடும், அது திரும்பி வடியும் வேகம் போதாது, கீழே சம்ப் (ஆயில் தொட்டி) வற்றி பேரிங் போகும். ரோட்டில் ஓட்டுபவர்களுக்கு இது வராது, டிரிஃப்ட்டுக்கும் டிராக்குக்கும் போகிறவர்கள் பிளாக்கில் ஆயில் வழியைக் குறுக்குவது, சம்பைப் பெரிதாக்குவது, ஹெட்டிலிருந்து கூடுதல் வடிகால் கொடுப்பது என்று முன்கூட்டியே செய்வார்கள். லிமிட்டரிலேயே, அதாவது இன்ஜின் சுற்றின் உச்ச வரம்பிலேயே, அடித்துக்கொண்டிருந்தால் ஆயில் பம்ப் கியரும் உடையும், கிராங்கில் அது பிடித்திருக்கும் இடம் அவ்வளவு குறுகல்.

நியாயமாகச் சொல்வதென்றால் எஸ்ஆரும் உத்தமன் இல்லை. லிமிட்டரில் அடித்தால் ராக்கர் ஆர்ம் கழன்று விழும், அதற்கு ஸ்டாப்பர் என்று சின்னத் துண்டு வாங்கிப் போடுவார்கள்.

என்னுடைய முதல் மாற்றத்தில் நானே செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். எஸ்13, சனிக்கிழமை சாயந்திரம் முடித்தோம், கூலன்ட் ஊற்றினோம், மூடியைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் ஓட்டினோம், அளவு இறங்கவில்லை, சரி போதும் என்று மோனாஷ் ஃப்ரீவேயில் ஏற்றினேன். ஆர்பியின் இன்டேக் பக்கம் முன்னால் காற்று வெளியேற்ற ஒரு போல்ட் இருக்கிறது, தெரியும், களைப்பில் அதைத் திறக்கவில்லை. அந்த வண்டியில் ரேடியேட்டர் மூடி இன்ஜினின் உச்சியைவிடக் கீழே இருந்தது, காற்று மேலே மாட்டிக்கொண்டது. குளிர்காலம், ஹீட்டர் போட்டிருந்தேன். வெப்ப முள் நடுவிலேயே நிற்கிறது, ஆனால் ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும், ஹீட்டர் குழாய் ஏதோ அடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த வெளிவழிவரை போனேன். நிஸானின் முள் நடுவில் நெடுநேரம் சும்மா நின்றுவிட்டு எழும்பினால் ஒரேயடியாக எழும்பும். ஹெட் கேஸ்கெட் போனது, ஆறாவது சிலிண்டர் பக்கம். காசு என்னுடையது, ஞாயிற்றுக்கிழமையும் என்னுடையது. இன்ஜின் சூடாக இருக்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் வண்டியை அங்கேயே ஓரம் கட்டுங்கள், எந்த வண்டியாக இருந்தாலும்.

வண்டி ஓட்டும் விதம் கெட்டுப்போகுமா என்பதில் எனக்கு உறுதி குறைவு, இதைப் பற்றிச் சண்டையே நடக்கிறது. எஸ்ஆர் அலுமினிய பிளாக், ஆர்பி இரும்பு, பாக்ஸும் கனம், முன்பக்கம் பாரம் கூடுவது நிச்சயம். ஆனால் அந்தப் பாரம் எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம், இன்ஜினைப் பின்சுவருக்கு ஒட்டி வைத்தவர்களின் வண்டி வளைவில் அவ்வளவு மோசமில்லை, முன்னால் தள்ளி வைத்தவர்களின் வண்டி முதல் ரவுண்டபவுட்டிலேயே மூக்கைத் தள்ளிக்கொண்டு போகும். ஸ்பிரிங் மாற்றி, அலைன்மென்ட் செய்து, முன் பிரேக்குக்கு ஸ்கைலைனின் நான்கு பிஸ்டன் காலிப்பர் போட்ட பிறகு ஓட்டிப் பார்த்து "ஒன்றும் தெரியவில்லை" என்பவர்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர்கள் ஒப்பிடுவது ஸ்பிரிங் தேய்ந்த தங்கள் பழைய வண்டியோடு. என் கைக்கு எஸ்ஆர் போட்ட எஸ்14 ஸ்டியரிங் திருப்பும்போது இன்னும் சுறுசுறுப்பாக இருக்கிறது. மலைப்பாதையில் ஓட்டுவதற்கு எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எஸ்ஆர், நீண்ட பயணத்துக்கு ஆர்பி. நேர்வரிசை ஆறு சிலிண்டரில் பிஸ்டன்களின் அதிர்வு ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும், நான்கில் அப்படி முழுதாகச் சரிக்கட்டாது, 110-இல் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் அந்த வித்தியாசம் இடுப்பில் தெரியும். சத்தமும் அதே காரணம். "அண்ணா எனக்குச் சத்தம் பிடிக்கும், அதற்காகத்தான்" என்று யாராவது வந்து சொன்னால் நான் வாதாடுவதில்லை, இதுவரை கேட்டதிலேயே நேர்மையான காரணம் அதுதான்.

சட்டம். விக்டோரியாவில் இன்ஜின் வகையை மாற்றினால் வாஸ் சான்றிதழ் வேண்டும், அதைக் கொடுக்க அதிகாரம் பெற்ற பொறியாளர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பார்ப்பது விஎஸ்பி 14 என்ற தேசிய விதித்தொகுப்பு. வண்டியின் எடையை வைத்து எத்தனை சிசி வரை போகலாம் என்று அதில் கணக்கு உண்டு, டர்போ இன்ஜினுக்கு அந்த வரம்பு குறைவு, 2.5 லிட்டருக்கு உங்கள் வண்டியில் பிரச்சினை வராது. பக்கத்து வீட்டுக்காரர் ஃபோர்ட் ஃபால்கனின் 4 லிட்டர் டர்போ பாரா இன்ஜினைப் போடு, 2002-இலேயே 240 கிலோவாட், 450 நியூட்டன் மீட்டர், விலையும் மலிவு என்று சொல்வார், சொல்பவருக்கு அது எவ்வளவு உயரம் என்று தெரியாது, அந்த சிசி கணக்கிலும் அது முட்டிக்கொள்ளும். முக்கியமானது புகை விதி. வண்டி தயாரான வருஷத்துக்கு உரிய விதியை மாற்றிய பிறகும் வண்டி பூர்த்தி செய்ய வேண்டும், அதனால் வண்டியைவிடப் பழைய இன்ஜின் வாங்கினால் கேள்வி வரும். உங்களுடையது 1996, ஆர்33 1993-இலேயே வந்துவிட்டது, ஆகவே ஹாஃப்கட்டின் தயாரிப்புத் தேதித் தகட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், கார்பன் கேனிஸ்டர் (பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் டப்பா) எதையும் தூக்கிப் போட வேண்டாம். இதை எல்லாம் இன்ஜின் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டும். எல்லாம் முடித்துவிட்டுப் பொறியாளரிடம் போய் அவர் "இந்த மவுன்ட் சரியில்லை" என்றால் மறுபடி இன்ஜின் வெளியே. எந்தப் பொறியாளர் எதை ஏற்பார் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, நாளைக்கே ஒருவருக்குப் போன் செய்து பாகங்களின் பட்டியலைக் காட்டுங்கள். சான்றிதழ் இல்லாமல் ஓட்டினால் போலீஸ் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டும், இங்கே அதைக் கேனரி என்பார்கள், அது பெரிய விஷயமில்லை, விபத்து நடந்து காப்பீட்டுக்காரர் பானட்டைத் திறக்கும் நாள்தான் பெரிய விஷயம்.

எவ்வளவு ஆகும் என்பதற்குத் தொகை சொல்லப் போவதில்லை, இன்ஜின் விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, நான் சொன்ன எண்ணை வைத்து யாரிடமாவது சண்டை போடுவீர்கள். விகிதம் சொல்கிறேன். எங்கள் பட்டறையில் கடைசியாக முடித்த இரண்டிலும் இன்ஜினுக்கும் பாக்ஸுக்கும் கொடுத்தது மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி ரேடியேட்டர், இன்டர்கூலர் குழாய், கிளட்ச், ஷாஃப்ட், பெட்ரோல் பம்ப், இசியு, டியூனிங், பிரேக், சான்றிதழ், பிறகு பெயர் சொல்ல முடியாத ஹோஸ், கிளாம்ப், கேஸ்கெட். வேலைக்கூலி தனி. ஆர்பி விலை ஏறியதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 25 வருஷம் கடந்த வண்டியைத்தான் தடையில்லாமல் இறக்குமதி செய்ய முடியும், ஆர்33-க்கு அந்தக் கதவு 2018-இலும் ஆர்34-க்கு 2023-இலும் திறந்தது. அதற்குப் பிறகு வெட்டிப் பாகமாக விற்ற வண்டிகளை முழுசாக விற்கவே ஜப்பானில் ஆசைப்படுகிறார்கள். நான் தொழிலுக்கு வந்தபோது ஆர்பி25 ஒரு மூலையில் அடுக்கி வைத்திருக்கும், இப்போது ஒன்று வந்தால் மூன்று பேர் போன் செய்கிறார்கள். அவசரத்தில் வாங்கும்போது கம்ப்ரஷன் பார்க்காமல் வாங்குவார்கள், ஜாக்கிரதை. முப்பது வயதான இன்ஜினை எடுத்துவிட்டு இன்னொரு முப்பது வயதான இன்ஜினை வைக்கிறீர்கள் என்பது மறக்க வேண்டாம்.

இப்போது உங்கள் வண்டிக்கு. குளிரில் முன்பக்கம் மேலிருந்து வரும் கடகட பெரும்பாலும் இன்டேக் கேம்ஷாஃப்ட்டின் விடிசி கியர் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுவது), எஸ்14-க்கு அது பரம்பரை வியாதி, சத்தம் அசிங்கமாக இருக்கும், இன்ஜினைக் கொல்லாது. கீழிருந்து கனமாக டொக் டொக் என்று, ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது கூடினால் அது பேரிங், அப்படியானால் உடனே ஓட்டுவதை நிறுத்துங்கள். எழுத்தில் கேட்டு இரண்டில் எது என்று என்னால் பிரிக்க முடியாது. யாரோ சொன்ன கம்ப்ரஷனை நம்பி இவ்வளவு பெரிய முடிவு எடுக்க வேண்டாம். இன்ஜினை ஓட்டிச் சூடாக்குங்கள், நான்கு பிளக்கையும் கழற்றுங்கள், இன்ஜெக்டரும் இக்னிஷனும் வேலை செய்யாதபடி இணைப்பை எடுத்துவிடுங்கள், ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றட்டும், முள் ஏறி நிற்கும்வரை. ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எடுத்தால் நல்ல இன்ஜினும் செத்த இன்ஜின் மாதிரி காட்டும், உங்களுக்குச் சொன்னவர் அப்படித்தான் எடுத்தாரோ என்று எனக்குச் சந்தேகம். நான்கும் 150 பிஎஸ்ஐக்கு மேலே, ஒன்றுக்கொன்று 14, 15-க்குள் இருந்தால் அந்த இன்ஜினைத் தூக்க வேண்டிய காரணம் ஒன்றும் இல்லை, அதில் டர்போவும் இசியுவும் போட்டு மிச்சப் பணத்தில் டயர் வாங்குங்கள். மூன்றாவது மட்டும் நிஜமாகவே கீழே இருந்தால் அந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள், எண் ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். ரிங் என்றால் இன்ஜின் எப்படியும் வெளியே வர வேண்டும், அப்போது ஆர்பி பேச்சை எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது, இன்னொரு எஸ்ஆர் வாங்கி அப்படியே மாற்றினால் எத்தனை நாள், எவ்வளவு பணம் மிச்சம் என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள்.

நான்கு எண்களையும், ஆயில் விட்ட பிறகு வந்த எண்ணையும், சக்கரத்தில் எத்தனை கிலோவாட் வேண்டும் என்பதையும் இங்கேயே கீழே எழுதுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது போனை இன்ஜின்மேல் பிடித்துச் சத்தத்தைப் பதிவு செய்து போட்டாலும் நல்லது, பானட்டைத் திறந்து வைத்து, ஒருமுறை மேலே, ஒருமுறை வண்டிக்குக் கீழே.